நாள் பார்க்காமல் நனைந்த வலை

ஏப்ரல் 10, 1942. வெள்ளி

நேற்றுக் கயிற்றில் கை வைத்தவர்களின் பெயரை முதலில் எழுதுகிறேன். பத்து வருடம் போனால் கண்டற்குடாவில் பிறக்காதவன்கூட "நானும் இழுத்தனான்" என்பான். அதற்கு இடம் வைக்கக்கூடாது.

வடக்குக் கயிற்றில் முன்னால் நான், நாகாத்தை. எனக்குப் பின்னால் என் மகள் தங்கரத்தினம். அவளுக்குப் பின்னால் காளிக்குட்டியின் பெண்சாதி சீனியம்மா. பிறகு கண்ணம்மை. என் வேலிக்குள் ஆடு விட்ட விஷயத்தில் அவளோடு நான் நாலு வருடமாகப் பேசுவதில்லை. நேற்றும் பேசவில்லை. ஆனால் இழுத்தாள், எழுதத்தான் வேண்டும். தெற்குக் கயிற்றில் என் தம்பி பெண்சாதி அழகுப்பிள்ளை, அவளுடைய தாய் (வாயில் பல் இல்லை, கையில் பிடி இருக்கிறது), கிறிஸ்தவ வீட்டு மதலேனாள், அவளுடைய மூன்று குமர்ப் பெண்கள், கருவாடு வாங்க வந்து வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த உதுமாலெவ்வை. வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் விட்டவர்கள் கிழவர் இளையதம்பி, அவருடைய இரண்டு மக்கள், என் தம்பி மகன் வடிவேல், கள்ளிறக்கும் சின்னான். சின்னான் அதுவரை கடலில் காலே வைக்காதவன். போகும்போதும் சத்தி எடுத்தான், வரும்போதும் சத்தி எடுத்தான். ஆனால் துடுப்பை விடவில்லை. என் பேத்தி பூரணம் கரைக்கு வந்த கயிற்றைச் சுருட்டினாள். ஏழு வயதுக்கு நன்றாகவே சுருட்டினாள்.

என் தம்பி தம்பாப்பிள்ளைச் சம்மாட்டி இரண்டாம் இழுவையில் மட்டும். வலை அவனுடையது. முதலாம் இழுவையில் அவன் எங்கே இருந்தான் என்பதையும் எழுதுவேன்.

என்னை மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார்கள். எழுத்து கோணலாக இருக்கும். நினைவு கோணல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். செய்தி வந்ததும் பாதி ஊர் வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய்விட்டது, அங்கே வயலும் காடும் இருப்பதால். மிஞ்சியது எங்களைப் போன்றவர்கள். நேற்று விடிய முன்னமே என் மருமகன் சாமித்தம்பியும் கூட்டாளி காளிக்குட்டியும் சின்னத் தோணியில் தூண்டிலுக்குப் போனார்கள். மருமகன் ஏன் போனார் என்று கேட்டால், வீட்டில் அரிசி குறைவு. வேறு ஒன்றும் இல்லை.

காலையில் கிழக்கே ஒரு கப்பல் தெரிந்தது. இப்படியொரு கப்பலை நான் கண்டதில்லை. வீடு கட்டாத வெறும் வளவை யாரோ கடலில் இழுத்துக்கொண்டு போவதுபோல் தட்டையாக இருந்தது. பிறகு விமானங்கள் வந்தன. ஒன்றின் பின் ஒன்றாக, சண்டைக்கு வந்த மாதிரியே இல்லை, வேலைக்கு வந்த மாதிரி வந்து வந்து போட்டுவிட்டுப் போயின. ஒவ்வொரு சத்தத்துக்கும் எங்கள் கூரையிலிருந்து கிடுகுத் தூள் உலைக்குள் விழுந்தது. உலையில் போட்ட அரிசி வேகுமுன் அந்த வளவு சரிந்து உள்ளே போய்விட்டது. துணைக்கு வந்த சிறிய கப்பல் இரண்டாக முறிந்தது. அதற்குப்பிறகு புகைதான்.

தங்கரத்தினம் கரையில் போய் நின்றாள். நான் கூப்பிட்டேன், வரவில்லை. சோறு ஆறியது.

பின்நேரம் புகைக்குள்ளிருந்து தலைகள் தெரிந்தன. அலைக்கு அப்பால், மிதப்பதும் தாழ்வதுமாக. கறுத்த தலைகள்.

"அம்மா, எங்கட ஆக்கள்தான்," என்றாள் தங்கரத்தினம். "காரைத்துறைப் பக்கத்துத் தோணிக்காரரும் சேந்து கிடக்கிறாங்க போல."

நானும் பார்த்தேன். முகம் கறுப்பு, தோள் கறுப்பு, கை கறுப்பு. எங்கள் ஆட்கள்தான். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. யாருக்கும் இருக்கவில்லை.

கரைவலைதான் வழி என்று நான்தான் சொன்னேன். ஒரு சின்னத் தோணியில் இத்தனை பேரை ஏற்ற முடியாது. வலையை வளைத்து விட்டால் மிதப்புக் கட்டையைப் பிடித்துக்கொள்வார்கள், நாங்கள் கரையிலிருந்து இரண்டு கயிற்றையும் இழுக்கலாம். மீன் வருகிற மாதிரி ஆள் வரும். எல்லோரும் தம்பி வலை வைக்கும் வாடிக்கு ஓடினோம். அங்கே அவன் வலைக் குவியலின் மேல் ஏறிக் குந்தியிருந்தான்.

"அக்கே, இந்த வருசத்து வலைக்கு இன்னும் பூசை வைக்கல்ல. சித்திரை பிறந்துதான் கோயில் கட்டாடியார் நாள் வச்சிருக்கார். அதுக்கு முன்ன நனைச்சா அம்மாள் விடமாட்டா."

"கடல்ல கிடக்கிறது ஒன்ட மருமகன்டா."

"அது வெள்ளைக்காரன். அவன்ட சண்டைக்கு என்ட வலையக் கிழிக்க ஏலாது."

"கறுத்த தலை தெரியல்லையா? வெள்ளைக்காரனுக்கு எங்க இருந்து வந்த கறுத்த தலை?"

"அப்பிடியெண்டாலும் இழுக்கிறதுக்கு ஆம்பிளை எங்க? பொம்பிளை கடந்த கயிறு மீன் காணாது. நான் சொல்லல்ல, ஊர் சொல்லுது."

அப்போது அழகுப்பிள்ளை முன்னுக்கு வந்தாள். புருஷனை நேரே பார்த்து அவள் பேசி நான் கேட்டதில்லை. "இஞ்ச பாருங்க, நீங்க எழும்பாட்டி வலையோட சேத்து உங்களையும் தோணியில ஏத்துவம். மறுகா என்னைக் குறை சொல்லக்கூடாது."

அவன் எழும்பவில்லை. நாங்கள் வலையை இழுத்தோம். அவன் பாதி தூரம் வலையோடு வந்து, வாடி வாசலில் கவிழ்ந்து விழுந்தான். முதலாம் இழுவை நேரம் அவன் இருந்த இடம் அதுதான்: வாடி வாசல் மணல், முகம் கீழே.

கயிறு பாரமாக இருந்தது. மீனின் பாரம் ஒரே பக்கமாக இழுக்கும், இது நாலு பக்கமும் உதறியது. கயிறு இழுக்கும்போது ஆண்கள் பாடும் அம்பாப் பாட்டு எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டுக் கேட்டே வளர்ந்தோம், பாடத்தான் விட்டதில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். பழைய வார்த்தை வாயில் வரவில்லை, நானே கட்டினேன்.

"ஏலோ ஏலோ சாமித்தம்பி, எட்டிப் பிடி கயிற்றை,
ஏலோ ஏலோ காளிக்குட்டி, விட்டிடாத கட்டை!"

மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வழக்கமில்லை. ஒன்பது வருடம் ஒரே வளவில் இருக்கிறோம். அவர் சொல்வதைப் பூரணம் என்னிடம் சொல்வாள், நான் சொல்வதை அவரிடம் சொல்வாள். அவள் பிறக்குமுன் இருவரும் பூனையைப் பார்த்துப் பேசினோம். ஆகவே அவருடைய பெயரை நான் வாயால் சொன்னது நேற்றுத்தான் முதல்தரம். சொன்னது என்ன, கத்தினேன். தொண்டை இன்னும் நோகிறது.

"ராத்தா, இன்னம் சத்தமா!" என்று, என்னை அக்கா முறையில் அழைக்கும் உதுமாலெவ்வை தெற்குக் கயிற்றிலிருந்து கூவினார். "இழு கா, இழு!" என்று மதலேனாள் குமர்களை அதட்டினாள்.

வலை கரை தட்டியது. முதல் ஆளை நான்தான் புரட்டினேன். தார் பூசிய மாதிரி எண்ணெய். கண் திறக்கவில்லை. சீனியம்மா வீட்டிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தல் கொண்டு வந்தாள். சீலைத் தலைப்பில் தோய்த்துக் கன்னத்தைத் துடைத்தேன். உரித்த இறால் நிறம். இன்னும் துடைத்தேன். கண்ணைத் திறந்தான். கண் நீலம்.

 தங்கரத்தினம் அடுத்தவனிடம் ஓடித் துடைத்தாள், அவனும் வெள்ளை. அதற்கடுத்தவனும் வெள்ளை. கப்பல் எண்ணெயில் தோய்ந்து எல்லோரும் எங்கள் நிறமாகியிருந்தார்கள். அவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு மணலில் இருந்துவிட்டாள்.

கண்ணம்மை சொன்னாள், "இதுக்கா கை தோலுரிய இழுத்தம்?" என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவில் சொன்னாள். நானும் பொதுவில் சொன்னேன்: "கரைக்கு வந்ததைத் திருப்பி விடுறது எந்த ஊர் வழக்கம்? வருசப் பலகாரத்துக்கு வச்சிரிக்கிற எண்ணெய் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு வாங்க. இளையதம்பி அண்ணே, வலையத் திரும்ப ஏத்துங்க. கடல்ல இன்னும் தலை கிடக்கு."

அந்தத் தலைகள் எந்த நிறம் என்று இந்தத் தரம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் இழுத்தோம். இதை இரண்டு கோடு போட்டு எழுதுகிறேன். தம்பியும் அப்போதுதான் மணலைத் தட்டிக்கொண்டு வந்து, "இனி நனைஞ்சது நனைஞ்சதுதானே," என்று கயிற்றைப் பிடித்தான். ஒருவர் விடாமல் பதினாலு பேர், உயிரோடு.

எங்கள் தோணி வரவில்லை.

ஏப்ரல் 11, சனி

பதினாலு பேரும் பள்ளிக்கூடத்தில். குளிப்பாட்டியதில் ஊரில் ஒரு துளி தேங்காயெண்ணெய் இல்லை. கஞ்சி கொடுத்தோம். உப்புப் போட்டது பிடிக்கவில்லை, குடித்தார்கள். மதலேனாளின் குமர்கள் தலை வார ஆரம்பித்ததும் அவள் ஒரு விளக்குமாற்றோடு வாசலில் உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் வலையைக் கழுவப் போனோம். வலையின் மடிப்பையில் இரண்டு பலகைகள் சிக்கியிருந்தன, ஆண்கள் உடுத்தும் ஒரு சாரத்தால் கட்டியபடி. நீலக் கட்டம். பின்பக்கம் கிழிசலில் பச்சை நூல் தையல்.

மருமகனின் சாரத்தில் நான் போட்ட தையல் அது. அன்றைக்கு வீட்டில் நீல நூல் இருந்தது. பச்சையால் தைத்தது வேண்டுமென்றுதான்.

தங்கரத்தினம் அதைப் பிடுங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள், நான் பின்னால். ஞானமுத்து வாத்தியார்தான் இங்கிலீசில் கேட்டுச் சொன்னார். நான் துடைத்த முதல் ஆள் பேர்சி என்பவன். சாரத்தைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தோணி தள்ளிக் காட்டினான். இரண்டு பேர், சின்னத் தோணி. நீந்த முடியாத மூன்று பேரை உள்ளே ஏற்றிக்கொண்டு, மற்றவர்களைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கரைப்பக்கம் இழுத்து வந்தார்களாம். வலை வளைத்து வருவதைக் கண்டதும் எல்லோரையும் மிதப்பில் பிடிக்க வைத்து, தோணியின் இருக்கைப் பலகை இரண்டைக் கழற்றிச் சாரத்தால் கட்டி அவர்கள் பிடித்து மிதக்க எறிந்துவிட்டு, தோணியைத் திருப்பினார்களாம்.

"எங்க திருப்பினவங்க?" என்றாள் தங்கரத்தினம்.

வாத்தியார் கேட்டார். பேர்சி கிழக்கே காட்டினான்.

"அங்க இன்னும் நிறையப் பேர் கிடந்தாங்களாம், பிள்ளை."

கப்பலின் பெயர் ஹெர்மிஸ். விமானம் சுமக்கிற கப்பலாம். அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லையாம். வாத்தியார் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று மூன்று தரம் கேட்டார், பேர்சி மூன்று தரமும் இல்லை என்றான், மூன்றாம் தரம் அழுதான். முறிந்தது வம்பயர். அது அவுஸ்திரேலியாக்காரனுடையதாம். அவனுடைய ஆட்கள் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்கவில்லை. மாடில்லாத தொழுவத்துக்கு இத்தனை பேரைக் காவல் வைத்தவன் யாரென்று கேட்க நினைத்தேன். பையனுடைய முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

பின்நேரம் லொறி வந்து பதினாலு பேரையும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனது. பேர்சி சாரத்தை மடித்துத் தங்கரத்தினத்தின் கையில் கொடுத்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கடலில் எண்ணெய். மீன் இல்லை. தங்கரத்தினம் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

வருடம் பிறந்தது. சித்திரபானு. மருத்துநீர் வைத்துத் தலை முழுகினோம். எண்ணெய் இல்லாததால் ஒரு வீட்டிலும் பலகாரம் இல்லை. பாற்சோறு மட்டும். ஊரே எண்ணெய்ச் சட்டி வாசமில்லாமல் வருடம் பிறந்தது இதுதான் முதல்தரம். அதற்காக யாரும் முகத்தைத் தொங்கப்போடவில்லை. அழகுப்பிள்ளையின் தாய், "பல்லில்லாதவளுக்கு முறுக்கு எதுக்கு?" என்று வீடு வீடாய்ச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள்.

தம்பி கைவிசேஷம் தர வந்தான். வெற்றிலையில் காசு வைத்து நீட்டிக்கொண்டு நின்றான். நான் தின்னக் கொடுத்தேன், அந்த வெற்றிலையை வாங்கவில்லை. அவனுக்குப் பாற்சோறு பிடிக்கும், இரண்டாம் தரமும் வைத்தேன். அது வேறு.

பூரணத்துக்குத் தலை வாரும்போது அவள் கேட்டாள்.

"பெத்தா, அப்பா நான் சொல்லித்தானே போனவர்?"

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொல்லச் சொன்னதுதான். 'அரிசிப் பானைதான் இந்த வீட்டில சத்தம் போடுது, ஆம்பிளைச் சத்தத்தைக் காணல்ல. குண்டுக்குப் பயந்தா சீலை உடுத்திக்கொண்டு அடுப்படியில இருக்கச் சொல்லு' எண்டு. நான் அப்பிடியே சொன்னன் பெத்தா. ஒண்டும் விடல்ல."

சின்னப் பிள்ளைகள் எதையும் கலந்துதான் சொல்லும். அவளுக்குச் சொன்னேன், "நீ சொல்லல்ல, மனே. நீ வாய் மட்டுந்தான்." பின்னலை அவிழ்த்துத் திரும்பவும் பின்னினேன். மூன்று தரம் பின்னினேன், சரியாக வரவில்லை. தங்கரத்தினம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சீனியம்மா வீட்டில் அவளுடைய பெரியம்மாக்காரி வந்து, ஐந்து நாளாகிறது, இனிச் செய்யவேண்டியதைச் செய்ய நாள் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறாள். போய்க் கேட்டேன்.

"ஆருக்கு நாள் பாக்கிறீங்க?"

"கடல் கொண்டதைக் கடல் தராது, நாகாத்தை."

"பதினாலு பேரைத் தந்ததே. நான்தான் வாங்கினனான். கைல இன்னும் காயம் ஆறல்ல, பாக்கிறீங்களா?"

அவள் என் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு நாள் பற்றிப் பேசவில்லை. சீனியம்மா என்னோடு வாசல்வரை வந்தாள். "அக்கா, வருவாங்களா?" என்றாள். "வராட்டி நான் சும்மா விடமாட்டன்," என்றேன். அதில் அவள் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவருடைய சாரத்தைக் காயப்போட்டேன். பச்சை நூலைப் பிரித்து நீலத்தால் தைத்தேன். எண்ணெயில் நூல் கெட்டுப்போயிருந்தது.

ஏப்ரல் 15, புதன்

அரசாங்கக் கச்சேரியிலிருந்து பெரிய உத்தியோகத்தர் ஒருவர் காரில் வந்தார். வலையின் சொந்தக்காரர் யாரென்று கேட்டார். தம்பி புது வேட்டியோடு முன்னுக்குப் போனான். என் வாய் ஊறியது. என்ன சொல்லவேண்டும் என்பதை வியாழக்கிழமையிலிருந்தே கட்டி வைத்திருந்தேன்.

அவனோ, "வலை என்ட, ஐயா. இழுத்தது இவங்க. நான் விழுந்து கிடந்தன்," என்றான்.

சனம் சிரித்தது. உத்தியோகத்தரும் சிரித்தார். கட்டி வைத்ததெல்லாம் வீணாகப் போயிற்று. இப்படிச் சொல்லிக்கொடுத்தது அழகுப்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருத்தியின் பெயரும் கேட்டார். கண்ணம்மை வெட்கத்தில் பெயரை விழுங்கினாள். "கண்ணம்மை!" என்று நான் உரக்கச் சொன்னேன். ஆட்டு விஷயம் அப்படியே இருக்கிறது. அது வேறு.

அவர் சொன்னதில், வியாழக்கிழமை இந்தக் கடலில் போன கப்பல்கள் ஐந்து. விமானக் கப்பல், அதன் துணைக் கப்பல், இன்னொரு சின்னப் போர்க்கப்பல், எண்ணெய்க் கப்பல் இரண்டு. ஆஸ்பத்திரிக் கப்பல் ஒன்று வந்து நிறையப் பேரை அள்ளிக்கொண்டு கொழும்புக்குப் போனதாம். எங்கள் தோணியைப் பற்றிக் கேட்டேன். தெரியாது என்றார், விசாரிப்பதாகச் சொன்னார். தங்கரத்தினம் அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 16, வியாழன்

மழை. விறகு நனைந்தது.

ஏப்ரல் 17, வெள்ளி

வந்துவிட்டார்கள்.

காலை மிளகாய் இடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் சத்தம். உதுமாலெவ்வையின் மாட்டு வண்டி வருகிறது, அவர் எழுந்து நின்று ஓட்டுகிறார், "ராத்தா! ராத்தா! டேசன்ல கோச்சியால ரெண்டு தொரை எறங்கினாங்க, ஏத்தியந்திருக்கன்!" என்று கூவுகிறார். பின்னால் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் வெள்ளைக் கால்சட்டை, இடுப்பில் கயிறு போட்டுக் கட்டியது. காளிக்குட்டி ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்டிருந்தான். அதைக் கொடுத்தவனுக்கு ஒரு கால்தான் மிச்சமாம், அதனால் ஒன்றுதான் தந்தானாம். அதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னான், முடிக்கும்போது சிரிக்கவில்லை.

சீனியம்மா தெருவிலேயே அவனைப் பிடித்து முதுகில் அடித்தாள். ஊர் சுற்றி நின்று அடியை எண்ணியது. அழகுப்பிள்ளை குரவை போட்டாள். மதலேனாள் மணி அடிக்கக் கோயிலுக்கு ஆள் விட்டாள். கண்ணகை அம்மன் கோயில் பறையும் சேர்ந்துகொண்டது. படுவான்கரைக்கு ஓடினவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

தங்கரத்தினம் கூரை தாங்கும் வாசல் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பூரணம் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா, பெத்தா சொல்லுறா..." என்று வழக்கம்போல் தொடங்கினாள். நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு அப்படித்தான் பேசத் தெரியும்.

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். ஒன்பது வருடத்தில் முதல்தரம் என் முகத்தைப் பார்த்தார்.

"மாமி, வந்திட்டன்."

"சாப்பிட்டீங்களா?" என்றேன்.  மிளகாய் இடித்த கை, கண்ணில் பட்டுவிட்டது.

நாலு தரம் போய் வந்தார்களாம். வலைக்கு ஒரு தரம், மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக் கப்பலுக்கு. பொழுது படும்போது தோணி நிறைய ஆட்களோடு கப்பலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அத்தோடு தோணி பிளந்து தாழ்ந்தது, கப்பல்காரர்கள் இவர்களையும் கயிறு போட்டுத் தூக்கிக்கொண்டார்கள். கொழும்பில் இவர்கள் யாரென்று அறியவே மூன்று நாள் பிடித்திருக்கிறது.

தம்பி வந்தான். "மருமகன், என்ட சின்னத் தோணி சும்மாதான் கிடக்கு. வச்சிக்கொள்ளுங்க," என்றான். அவர் வேண்டாம் என்றார். "வாங்குங்க," என்று நான் நேரே சொன்னேன். இனிப் பூரணத்தை ஏன் அலைய வைப்பது?

ஏப்ரல் 18, சனி

இன்றுதான் வலைப் பூசைக்கு வைத்த நாள். நாள் பார்க்காமல், அதுவும் பெண்கள் நனைத்த வலைக்கு என்ன பரிகாரம் என்று தம்பி கட்டாடியாரிடம் கேட்டான். கட்டாடியார் அம்மாள் முன்னால் வெகுநேரம் இருந்துவிட்டு வந்து, "முதல் நனைச்ச கைதான் திரும்பவும் நனைக்கணும்," என்றார்.

ஆகவே முதல் பிடி நாங்கள் பிடித்தோம். வடக்கே நான், தெற்கே அழகுப்பிள்ளை. படுவான்கரையிலிருந்து திரும்பி வந்த ஆண்கள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். ஒருவன், "இதென்ன புது வழக்கம்?" என்றான். "குண்டு விழக்குள்ள இரிந்திருந்தா ஒனக்கும் தெரிஞ்சிரிக்கும்," என்றாள் கண்ணம்மை. அதற்கு நான் சிரித்துவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

பாரை மீன் வந்தது. மடி கொள்ளாமல் வந்தது. இழுக்கும்போது பழைய வார்த்தையை யாரும் பாடவில்லை, நான் கட்டியதைத்தான் பாடினார்கள். சாமித்தம்பி கயிற்றின் நடுவில் நின்று தன் பெயரைத் தானே பாடிக்கொண்டு இழுத்தார்.

சோறு போடும்போது கேட்டேன்.

"அண்டைக்கு வலை வளைக்கக்குள்ள எவ்வளவு தூரத்தில இருந்தீங்க?"

"கிட்டத்தான், மாமி. புகைதான் மறைச்சிது. பாட்டுக் கேட்டது. காளிக்குட்டிதான் சொன்னான், 'மச்சான், ஒன்ட பேரைக் கூப்பிடுறாங்கடா, ஒன்ட மாமிடா' எண்டு."

"கேட்டதா?"

"நல்லாக் கேட்டது."

"கேட்டுப்போட்டா திரும்பவும் கடலுக்குக் கிறுகினீங்க?"

அவர் சோற்றைப் பிசைந்தார். "கேட்டதாலதான் கிறுகினன். கரையில நீங்க நிக்கிறீங்க எண்டு தெரிஞ்சிது. இனி இவங்கள் தப்பிருவாங்கள், மாமி விடமாட்டா எண்டுதான் விட்டுட்டுப் போனன். உங்கட குரல் கேக்காட்டி நானும் கரைக்குத்தான் வந்திருப்பன்."

தங்கரத்தினம் என்னைப் பார்த்தாள். ஒன்பது நாளுக்குப்பிறகு அவள் என்னை அப்படிப் பார்த்தது அப்போதுதான். பக்கத்தில் வந்து இருந்து என் சோற்றுக் கோப்பையில் குழம்பு ஊற்றினாள்.

நான் சாப்பிட்டு, கை கழுவி, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். குண்டு போட்டவனின் பெயர் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாதவனை வைத்து நான் என்ன செய்ய? தம்பி விழுந்தான், எழும்பினான், இழுத்தான், ஊர் முன்னால் தன் வாயாலேயே சொன்னான். அவனை விட்டுவிடுகிறேன். விமானமில்லாத விமானக் கப்பலை அனுப்பியவனை அவனுடைய ஊர்ப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் என் குரலை அத்தனை கிட்டத்தில் கேட்டுவிட்டு, கேட்ட ஒரே காரணத்துக்காகத் தோணியைத் திருப்பிக் கடலுக்குப் போன ஒருவர் இருக்கிறார். எட்டு நாள் என் மகளை வாசல் கப்போடு நிற்க வைத்தவர். இன்றைக்குப் பாரைத் தலையை நான்தான் அவருக்கு வைத்தேன், நாளைக்கும் வைப்பேன், இனி அவரோடு நேரேதான் பேசுவேன். அதெல்லாம் வேறு. சாகும்வரை மன்னிக்கமாட்டேன். பெயரை எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது: சாமித்தம்பி.